அண்ணி, ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க

அத்தியாயம் 11

காலை ஆறு மணிக்கு, புது சிஸ்டம் ஏறும்போது முப்பத்திரண்டு சதவீதத்தில் முரண்டு பிடித்து நின்ற கம்ப்யூட்டரையும், அதன் முன்னால் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்த மூத்த மருமகளையும் போன வாரம் அப்படியே விட்டுவிட்டு வந்தோம். நமக்கென்ன, பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விட்டோம். அவளால் போக முடியவில்லை. ஏழே முக்கால் வரைக்கும் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தாள், காபிகூட ஆறிப்போயிற்று.

புதிதாய் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் மூத்தவள் நீதிமன்றத்துக்கு டைப் அடித்துக் கொடுக்கிறவள். விசாரணையில் பேசுகிறதை ஒலிப்பதிவாக அனுப்புவார்கள். அவள் ஹெட்போனில் கேட்டு, ஒரு வார்த்தை கூடாமல் குறையாமல் அடித்து அனுப்ப வேண்டும். வீட்டின் கீழ்த்தளத்தில், மாடிப்படிக்கு அடியில் இருக்கிற குட்டி அறைதான் அவளுடைய ஆபீஸ். ஆறு வருஷமாய்த் தற்காலிக வேலை. இப்போது ஒரே ஒரு நிரந்தர இடம் காலியாகியிருக்கிறது. இன்றைக்கு வரும் பதிவை மாலை நாலு மணிக்குள் பிழையில்லாமல் கொடுத்துவிட்டால் அந்த இடம் அவளுக்குத்தான் என்று மேற்பார்வையாளர் அம்மாவே வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். ஒரே நிபந்தனை, கம்ப்யூட்டரில் புது சிஸ்டம் போட்டிருக்க வேண்டும். பழையதை ஆபீஸ் சர்வர் உள்ளே விடாது.

இந்த இடத்தில்தான் கொழுந்தன் மூக்கை நுழைத்தான்.

வீட்டில் அவனுக்கு 'சயின்டிஸ்ட்' என்று பேர். ஒன்பது வயதில் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் பரப்பி வைத்தபோது அவன் அப்பா பெருமையாய்ச் சூட்டியது. அந்தக் கடிகாரம் அதற்கப்புறம் ஓடவே இல்லை என்பதை மட்டும் அந்தக் குடும்பத்தில் யாரும் பேசமாட்டார்கள். இப்போது தெருக்கோடி செல்போன் கடையில் கவர் மாட்டி, கண்ணாடி ஒட்டிக் கொடுக்கிறான். "நான் இருக்கும்போது வெளியாள் எதுக்கு அண்ணி?" என்றான். மூத்தவள் வேண்டாம் என்றுதான் சொன்னாள். அவள் கணவன், "ஆசையா செய்றேங்கறான், தடுத்தா நல்லா இருக்காது" என்று இடையில் வந்து விழுந்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரான் வீட்டு லிஃப்டில் ஒரு திருகு தளர்ந்தால்கூடத் தூக்கம் வராது அவனுக்கு. தம்பி விஷயத்தில் மட்டும் எது தளர்ந்தாலும் கண்ணில் படாது.

ஏழே முக்காலுக்கு ஒருவழியாய் நூறு சதவீதம் வந்தது.

"பாத்தீங்களா? சொன்னேன்ல? நீங்க போய் குளிச்சிட்டு வாங்க அண்ணி, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்று சயின்டிஸ்ட் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான்.

பத்து நிமிஷம். ஈரத் தலையில் துண்டோடு அவள் திரும்பி வந்தபோது திரையில், 'எல்லாம் தயார்! உங்களுக்காகக் காத்திருந்தோம்!' என்று எழுத்துகள் இளித்துக்கொண்டிருந்தன. அடுத்த வரி கொழுந்தன் பேரைச் சொல்லி வணக்கம் வைத்தது. அது மறைந்ததும் திரை முழுக்க ஒரு படம் விரிந்தது. நீச்சல் குளத்தில் சட்டையில்லாமல், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கட்டை விரலை உயர்த்திக்கொண்டு நிற்கிறான் சயின்டிஸ்ட்.

காலங்காத்தாலே கொழுந்தன் தொப்புளில் கண் விழிக்க வேண்டும் என்று தலையில் எழுதியிருந்தால் யார் என்ன செய்ய முடியும்?

"தம்பி, என்ன கண்றாவி இது?"

"ஓ, அதுவா? நடுவுல அக்கவுண்ட் கேட்டுச்சு அண்ணி. உங்க பாஸ்வேர்டு எனக்குத் தெரியல. நம்ம அக்கவுண்டைப் போட்டு உள்ள போயிட்டேன்."

"நடுவுல இன்னும் என்னென்னமோ கேட்டிருக்குமே. படிச்சீங்களா?"

"அதெல்லாம் யாரு அண்ணி படிப்பா? எல்லாத்துக்கும் சரி, சரி, சரின்னு தட்டிட்டே போயிட்டேன். நாலே நிமிஷம்!"

நாலு நிமிஷத்தில் முடித்ததற்காகப் பாராட்டை எதிர்பார்த்து நின்றான். கையில் அவளுடைய பிஸ்கட்.

"இதுல என் ஆபீஸ் சமாச்சாரம் இருக்கு. முதல்ல என் பேருக்கு மாத்துங்க."

"எல்லாம் ஒண்ணுதான் அண்ணி. சாயங்காலம் வந்து மாத்தித் தரேன். இப்போ கடை திறக்கணும்." போகிற போக்கில் இன்னொரு பிஸ்கட்டையும் எடுத்துக்கொண்டு போனான்.

நாமாயிருந்தால் அப்போதே கையைப் பிடித்து உட்காரவைத்திருப்போம். அவளும் அதைத்தான் நினைத்தாள். ஆனால் மணி எட்டேகால். ஒன்பது மணிக்குப் பதிவு வந்துவிடும். இப்போது போய் இவனோடு மல்லுக்கட்டினால் இவன் அண்ணனுக்கு முகம் சுருங்கும், அப்புறம் அதைச் சரிசெய்ய ஒரு வாரம் ஆகும். சனியன், சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாள்.

ஒன்பது மணிக்கு மேற்பார்வையாளர் அம்மா கூப்பிட்டாள். ஆறு வருஷமாய்க் குரலில் மட்டுமே பழக்கம். இதுவரை ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை.

"ஒண்ணேகால் மணி நேரப் பதிவும்மா. மூடின அறை விசாரணை. குழந்தை யார்கிட்ட இருக்கணும்ங்கற வழக்கு. நீதிபதி அப்பாவைத் தனியா, அம்மாவைத் தனியா கூப்பிட்டுப் பேசியிருக்கார். ஒருத்தர் சொன்னது இன்னொருத்தர் காதுக்குப் போகவே கூடாது. உத்தரவு திங்கக்கிழமைதான். புரியுதா?"

"புரியுது மேடம். கதவைச் சாத்திட்டுத்தான் உக்காருவேன்."

"தெரியும். அதனாலதான் உங்களுக்குக் குடுக்கறேன்."

அந்தக் கடைசி வாக்கியம் மூத்தவளுக்கு நெஞ்சு வரைக்கும் இனித்தது. கதவைச் சாத்தினாள். பதிவை இறக்கி, எப்போதும் போல கம்ப்யூட்டர் டெஸ்க்டாப்பில் இருக்கிற ஃபோல்டரில் வைத்தாள். ஹெட்போனை மாட்டினாள். காலை நீட்டிப் பெடலை மிதித்தாள்.

அந்தப் பெடலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தையல் மெஷினுக்கு இருக்கிற மாதிரி மேசைக்கு அடியில் ஒன்று. நடுவில் மிதித்தால் பதிவு ஓடும், இடது பக்கம் மிதித்தால் பின்னால் போகும், வலது பக்கம் மிதித்தால் முன்னால் ஓடும். கை இரண்டும் விசைப்பலகையில் இருக்க, காதுக்குக் கால்தான் துணை. அது இல்லாமல் அடிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கையை எடுத்து மவுஸ் என்கிற எலியைப் பிடிக்க வேண்டும். மூன்று மணி நேர வேலை எட்டு மணி நேரம் ஆகும்.

மிதித்தாள். திரையின் ஓரத்தில் இன்றைய வானிலை திறந்தது. லேசான மேகமூட்டமாம்.

மறுபடி மிதித்தாள். மேகமூட்டம் மூடிக்கொண்டது. இடது பக்கம் மிதித்தாள். எழுத்தெல்லாம் கொட்டை கொட்டையாய்ப் பெரிதாயிற்று. வலது பக்கம் மிதித்தபோது, 'உங்களுக்கு உதவி வேண்டுமா?' என்று ஒரு பெட்டி வந்து பல்லைக் காட்டியது.

எலியைப் பிடித்துப் பதிவை ஓட்டினாள். ஓடுகிறது, கோடு நெளிகிறது, ஆனால் காதில் ஒரு சத்தமும் இல்லை. தோண்டிப் பார்த்ததில், சத்தம் எல்லாம் திரைக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று தெரிந்தது. அந்தத் திரையில் ஸ்பீக்கரே கிடையாது. நீதிபதி அவ்வளவு நேரமும் கண்ணாடிக்குள் யாருக்கோ நியாயம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

சத்தத்தை ஹெட்போனுக்குத் திருப்பினாள். மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை அது தானாய்த் திரைக்கே திரும்பிப் போயிற்று. கொழுந்தனைக் கூப்பிட்டாள்.

"அண்ணி, ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."

"பண்ணா சரியாயிடுமா?"

"தொண்ணூறு சதவீதம் பிரச்சினைக்கு அதான் அண்ணி மருந்து. கஸ்டமர் நிக்கறாங்க, வச்சிடறேன்."

ஆஃப் பண்ணினாள். 'மேம்படுத்துகிறோம், அணைத்துவிடாதீர்கள்' என்று சொல்லிவிட்டு ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. இருபத்தாறு நிமிஷம் சுற்றியது. எதை மேம்படுத்தினார்களோ, திரும்பி வந்தபோது பெடல் வானிலையைக்கூடத் திறக்கவில்லை. உயர்த்திய இரண்டு கட்டை விரல்களோடு புதிதாய் வேறொரு படம் மட்டும் வந்திருந்தது. அதிலும் சயின்டிஸ்ட்தான். இந்தத் தடவை சட்டை இருந்தது.

மூத்தவள் கணவனைக் கூப்பிட்டாள். எங்கேயோ பதினோராவது மாடிக்கும் பன்னிரண்டாவது மாடிக்கும் நடுவில் தொங்கிக்கொண்டு பேசினான்.

"என்னங்க, உங்க தம்பி பண்ணி வச்ச வேலையை வந்து பாருங்க. மணி பத்தேகால். இன்னும் ஒரு வரி அடிக்கல."

"அவன் நல்லதுக்குத்தானே பண்ணான்?"

"நான் நல்லது கெட்டது கேக்கல. என் வேலை போயிடும் போலிருக்குன்னு சொல்றேன்."

"கொஞ்சம் பொறுமையா சொல்லு அவன்கிட்ட. மனசு ஒடிஞ்சிடுவான்."

அவள் போனை வைத்தாள். கல்யாணமாகிப் பதினாலு வருஷமாய் ஒடிந்துவிடப் போகிற அந்த மனசுக்கு முட்டுக் கொடுத்தே காலம் போய்விட்டது. கணவன் மேலும், கொழுந்தன் மேலும், வாய் திறக்காமல் வாழப் பழகிக்கொண்ட தன் மேலும் ஒரே சமயத்தில் அருவருப்பாய் இருந்தது. சீ, என்ன பிழைப்பு!

அழுது புண்ணியமில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு மேசைக்கு அடியில் தவழ்ந்து போனாள். தூசி மூக்கில் ஏறியது. பெடலின் வயரைப் பிடுங்கிப் பக்கத்துத் துளையில் செருகினாள், அதற்கும் பக்கத்தில் செருகினாள். கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கம் கடைசித் துளையில் செருகியபோது மேலே ஏதோ 'டிங்' என்றது. வெளியே வந்து பார்த்தால், 'அறிமுகமில்லாத சாதனம்' என்று போட்டிருந்தது. அடப்பாவி, ஆறு வருஷம் கால் தேய்ந்த பழக்கம், அறிமுகமில்லையாம். பெடல் கம்பெனியின் பக்கத்தைத் தேடிப் புது சிஸ்டத்துக்கான மென்பொருளை இறக்கினாள். இது ஆபத்தானது, வேண்டாம் என்று கம்ப்யூட்டர் தடுத்தது. ஒரு வரி விடாமல் படித்து, எங்கே அனுமதி கொடுக்க வேண்டுமோ அங்கே மட்டும் கொடுத்தாள். சத்தம் போகிற இடங்களின் பட்டியலில் திரையை அடியோடு நீக்கினாள்.

மணி பதினொன்று முப்பத்தைந்துக்குப் பெடலை மிதித்தாள். காதுக்குள் நீதிபதி இருமினார்.

ஒரு மனிதன் இருமி இன்னொரு மனுஷிக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள்.

அந்த இருமல் ஒரு தனி ரகம். முதலில் இரண்டு சின்னது, அப்புறம் தொண்டையைத் தேய்த்துக்கொண்டு ஒரு நீளம், முடிவில் "ம், சொல்லுங்க". நாலு வாக்கியத்துக்கு ஒருதரம் வரும். சரியாய் யாராவது முக்கியமாய்ப் பேசும்போது வரும். அதைத் தாண்டி வார்த்தையைப் பிடிக்க அவள் இடது பக்கம் மிதித்து, மிதித்து, திரும்பத் திரும்பக் கேட்டாள். நடுவில் இன்னொரு கூத்து. புது சிஸ்டத்துக்குத் தானாய்த் திருத்துகிற வியாதி. தகப்பன், "எனக்குப் பிடிக்கல" என்று சொன்னதை அவள் அடித்தால், அது அழகாய், "எனக்கு விருப்பமில்லை" என்று மாற்றி வைத்தது. சாட்சி சொல்கிறவன் வாயில் இது யார் வார்த்தை போடுவது? எட்டு இடத்தில் மாற்றியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு எட்டையும் பழையபடி ஆக்கி, அந்த வியாதியையும் தேடிப் பிடித்து அணைத்தாள்.

சாப்பிடவில்லை. தண்ணீர் குடிக்கவும் எழுந்திருக்கவில்லை. மூன்று மணி பதினைந்து நிமிஷத்துக்குக் கடைசி வரியை அடித்துவிட்டாள். நாற்பத்தொரு பக்கம். இனி ஒரு தடவை வாசித்துவிட்டு அனுப்ப வேண்டியதுதான். விரல்களை நெட்டி முறித்தாள். ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தாள்.

அப்போது திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி எழும்பியது. 'உங்கள் இணையச் சேமிப்பில் இடம் குறைகிறது. இன்று சேர்ந்த பெரிய கோப்பு இது' என்றது. கீழே கோப்பின் பேர் இருந்தது. காலையில் அவள் இறக்கிவைத்த ஒலிப்பதிவின் எண்.

அவள் அதை மூன்று தடவை வாசித்தாள். டெஸ்க்டாப்பில் இருந்த அவள் ஃபோல்டர் முழுவதையும் கம்ப்யூட்டர் தானாகவே இணையத்தில் ஏற்றியிருக்கிறது. கொழுந்தன் படிக்காமல் தட்டிய 'சரி'களில் அதுவும் ஒன்று. ஏறிய இடமும் காலையில் அவன் போட்டுவிட்டுப் போன அவனுடைய அக்கவுண்ட். அந்த அக்கவுண்ட் அவன் போனில் இருக்கும், கடையில் இருக்கும், மாடியில் இருக்கிற டேப்லெட்டில் இருக்கும்.

எழுந்து, கதவைத் திறந்து, படியேறினாள். பாதிப் படியிலேயே நின்றுவிட்டாள்.

மாடியிலிருந்து இருமல் கேட்டது. இரண்டு சின்னது, ஒரு நீளம். "ம், சொல்லுங்க."

மிச்சப் படியையும் ஏறிப் போனாள். உள்ளே இளையவள் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். சயின்டிஸ்டின் மனைவி, மூத்தவளுக்கு ஓரகத்தி. வாயில்லாத பிள்ளை என்று உறவுக்காரர்கள் சொல்வார்கள். இஸ்திரிப் பலகையின் நுனியில் டேப்லெட்டைச் சாய்த்து வைத்து, கண்ணைத் துடைத்துத் துடைத்துக் கேட்டுக்கொண்டே, புருஷன் சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கக்கா! இதைக் கேளுங்களேன். மதியத்துலேர்ந்து கேட்டுட்டு இருக்கேன். அவர் எங்கேர்ந்தோ இறக்கி வச்சிருக்கார் போல. நெஜமா நடந்ததுதான் போலிருக்கு. அந்த ஆம்பள இருக்கானே, என்ன நெஞ்சழுத்தம் பாருங்க!"

மூத்தவள் போய் டேப்லெட்டை அணைத்தாள்.

"இது நெஜம். இது என் ஆபீஸ் பதிவு. இதை வேற யாரும் கேக்கக் கூடாது."

இஸ்திரிப் பெட்டி சட்டை மேலேயே நின்றது. இளையவளின் முகம் வெளுத்தது.

"நெஜம்னு… ஆமாக்கா, பாதியிலேயே எனக்குச் சந்தேகம் வந்துச்சு. அந்தப் பொம்பள குரல் நம்ம தையல்காரம்மா குரலாட்டம் இருந்துச்சு. தெருமுனையில நம்ம துணியெல்லாம் தைக்கறாங்களே, அவங்க. குழந்தை பேரும் அதேதான் சொன்னாங்க."

"சரி. அதுக்கு?"

சட்டை கருகும் வாடை வந்தது. மூத்தவள்தான் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி நிறுத்தினாள்.

"அதுக்கு என்ன பண்ணே? சொல்லு."

"போன் பண்ணினேன்க்கா."

"யாருக்கு?"

"தையல்காரம்மாவுக்குத்தான். அந்த ஆளு நீதிபதிகிட்ட, அடுத்த மாசம் குழந்தையைக் கூட்டிக்கிட்டு வேற நாட்டுக்கே போயிடறேன், அவளுக்கு இன்னும் தெரியாதுன்னு சொன்னானே. எனக்கு மனசு கேக்கல. சொல்லிட்டேன். அவங்க ஓன்னு அழுதாங்க. வக்கீலைப் பாக்கறேன்னு அப்பவே கிளம்பிட்டாங்க."

மூத்தவளுக்கு ஓங்கி அறைய வேண்டும் போல இருந்தது. யாரை அறைவது? எதிரில் நிற்கிறவள் செய்தது மகா தப்பு. ஆனால் அவள் அழுதது ஒரு தாய்க்காக. இத்தனை பேரில் அழுதவள் அவள் ஒருத்திதான். மூத்தவள் போனை எடுத்துக் கடைக்கு அடித்தாள்.

"இப்பவே வீட்டுக்கு வா."

பதினாலு வருஷத்தில் முதல் தடவையாகக் கொழுந்தனை 'வா' என்று ஒருமையில் கூப்பிட்டிருந்தாள். அவன் ஐந்தே நிமிஷத்தில் வந்துவிட்டான். ஷிஃப்ட் முடிந்து அப்போதுதான் உள்ளே வந்த லிஃப்ட் மெக்கானிக், கையில் கிரீஸோடு அறை வாசலில் நின்றான். மாடிப்படிக்கு அடியில் இருந்த அந்தக் குட்டி அறையில் நாலு பேர் முட்டிக்கொண்டு நின்றார்கள். மூத்தவள் நடந்ததைச் சொல்லி முடித்தாள். மணி மூன்று நாற்பத்திரண்டு.

"இவ்வளவுதானா?" என்றான் சயின்டிஸ்ட். "என் அக்கவுண்ட்ல இருந்து அழிச்சிடறேன். ஒரு தட்டு. யாருக்குத் தெரியப்போகுது?"

"அனுப்பும்போது உறுதிமொழி கேக்கும்" என்றாள் மூத்தவள். திரையைக் காட்டினாள். ஒவ்வொரு தடவையும் வருகிற வரிதான். 'இந்தப் பதிவை என்னைத் தவிர வேறு யாரும் கேட்கவில்லை.' கீழே ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். ஆறு வருஷமாய் உண்மையாய் 'ஆம்' போட்ட கட்டம்.

"ஆம்னு போடுங்க அண்ணி. கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்?"

"தையல்காரம்மா வக்கீல்கிட்ட போயிருக்காங்க."

"எங்கேயோ கேள்விப்பட்டாங்கன்னு இருந்துட்டுப் போகட்டும். நம்ம வீட்டுப் பேரை அவங்க எதுக்குச் சொல்லப்போறாங்க?" பேசிக்கொண்டே மேசை மேலிருந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்தான்.

லிஃப்ட் மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே மனைவியைப் பார்த்தான். "அவன் சொல்றதுல தப்பில்லையே. ஆறு வருஷம் உழைச்சிருக்கே. ஒரு கட்டத்துக்காக எல்லாத்தையும் விட்டுடுவியா? ஆம்னு போட்டு அனுப்பிடு. மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்."

மூத்தவள் அவர்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒருத்தன் வாயில் பிஸ்கட் நொறுங்கிக்கொண்டிருந்தது. இன்னொருத்தன் அவளுக்கு நல்லது சொல்லிவிட்ட திருப்தியில் நின்றான். ஒரு குழந்தையின் வழக்கை நாசம் பண்ணி வைத்துவிட்டு, ஒருவன் முகத்திலும் ஒரு கூச்சம் இல்லை. அவளுக்கும் அந்த வேலை வேண்டும். வேண்டவே வேண்டும். நிரந்தரம் என்ற வார்த்தையை அவள் எத்தனை நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்திருப்பாள் என்று நமக்குத் தெரியும். 'ஆம்' என்ற கட்டத்தின் மேல் அம்பு நின்றது. அவள் விரலும் நின்றது.

"உங்களுக்கெல்லாம் நாத்தமே அடிக்கலையா?" என்று கேட்டாள்.

யாருக்கும் புரியவில்லை. அவள் 'இல்லை' என்ற கட்டத்தைத் தட்டினாள். காரணம் கேட்டது. 'என் கம்ப்யூட்டரிலிருந்து பதிவு வெளியே போய்விட்டது. வழக்கில் சம்பந்தப்பட்டவருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது' என்று அடித்தாள். நாற்பத்தொரு பக்கத்தையும் சேர்த்து அனுப்பினாள். மணி மூன்று ஐம்பது.

"அண்ணி! பைத்தியமா உங்களுக்கு?"

இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. போன் அடித்தது. மூத்தவள் ஸ்பீக்கரில் போட்டு மேசை மேல் வைத்தாள். எல்லாரும் கேட்கட்டும் என்றுதான்.

"என்னம்மா அனுப்பியிருக்கீங்க?" மேற்பார்வையாளர் அம்மாவின் குரலில் காலையில் இருந்த பிரியம் ஒரு சொட்டுகூட இல்லை. "தெரிஞ்சுதான் அனுப்பினீங்களா?"

"தெரிஞ்சுதான் மேடம்."

"நிரந்தர இடத்தைப் பத்தி நான் இப்ப ஒண்ணும் பேச முடியாது. இருக்கற வேலை தங்குமான்னே பாக்கணும். நீதிபதிக்கு நான் இன்னும் பத்து நிமிஷத்துல எழுதியாகணும். யாரு கேட்டது?"

"எங்க வீட்ல, மேடம்…"

"வீடுன்னெல்லாம் எழுத முடியாதும்மா. ஆள் வேணும். பதிவைக் கேட்டது யாரு? அந்தம்மாவுக்குச் சொன்னது யாரு? பேர் சொல்லுங்க."

மூத்தவள் வாயைத் திறந்தாள். அதற்குள் சயின்டிஸ்டின் கை உயர்ந்தது. பிஸ்கட் தூள் ஒட்டியிருந்த விரலால், சத்தமில்லாமல், பக்கத்தில் நின்ற தன் மனைவியைச் சுட்டிக் காட்டினான். 'இவ பேரைச் சொல்லுங்க' என்று உதடு மட்டும் அசைந்தது.

இளையவள் அதைப் பார்த்துவிட்டாள்.

அதுவரை அழுதுகொண்டிருந்தவள் அழுகையை நிறுத்தினாள். முந்தானையால் முகத்தை ஒருதரம் அழுத்தித் துடைத்தாள். ஓரகத்தியின் தோளைத் தாண்டிக் கையை நீட்டி, மேசை மேலிருந்த போனை எடுத்தாள்.

"வணக்கம் மேடம். நான் இந்த வீட்டு இளைய மருமக. கேட்டது நான்தான். அந்தம்மாவுக்குச் சொன்னதும் நான்தான். தப்புன்னு இப்பத்தான் தெரியுது, என்ன தண்டனைனாலும் குடுங்க, நான் வரேன். ஆனா அது என் டேப்லெட்டுக்கு எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. அக்காவுக்கும் சத்தியமா தெரியாது. கொண்டு வந்து சேத்தவர் இங்கதான் நிக்கறார். குடுக்கறேன், அவர்கிட்டயே கேளுங்க."

போனைப் புருஷனிடம் நீட்டினாள்.

சயின்டிஸ்ட் ஓரடி பின்னால் போனான். முதுகு கதவில் இடித்தது. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான்.

"ஹலோ? யாருங்க அது? லைன்ல இருக்கீங்களா?" என்று போன் கேட்டது.

அவன் அண்ணனைப் பார்த்தான். எப்போதும் பார்க்கிற அதே பார்வைதான். லிஃப்ட் மெக்கானிக், நீட்டியபடியே நின்ற தம்பி மனைவியின் கையைப் பார்த்தான். அப்புறம் நாற்காலியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த தன் மனைவியைப் பார்த்தான். அவள் திரும்பவே இல்லை.

"வாங்குடா போனை" என்றான்.